ஆடிக்காற்றில் பறக்கும் அரசர்: டிராகன் ஆளும் நகரத்தை அமைப்பது பற்றி

மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஐந்து பேருக்கு, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக்கதை ஆட்டம் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் கேம்பெயினில், அதாவது வாராவாரம் தொடரும் கதையில், அடுத்து வருவது டிராகன் ஆளும் நகரம். எழுதி முடித்துப் பார்த்தால் வழக்கமான ஓர் ஊர், பக்கத்தில் ஒரு மலை, மலைமேல் ஒரு டிராகன், அவ்வளவுதான் இருக்கிறது. ஊரே அதனுடையது என்று ஆடுகிறவர்களுக்குத் தோன்ற என்ன செய்ய வேண்டும்? அப்புறம், மூன்றாம் லெவல் ஆட்களை, அதாவது இன்னும் பலம் சேராத பாத்திரங்களை, டிராகன் முன்னால் நிறுத்தினால் செத்துப்போவார்கள். நிறுத்தாமல் விட்டால் டிராகனே வராத கதையாகிவிடும். இதை எப்படிச் சமாளிப்பது? டிராகன் என்பதற்குப் பதிலாக யாளி என்று வைக்கலாமா?"

நான் நாகர்கோவிலில் பத்து வருஷத்துக்கும் மேலாக ஆட்டம் நடத்துகிறேன். உங்களுக்கு இருக்கிற அதே சிக்கல் எனக்கும் இருந்தது. நான் முதலில் அமைத்த டிராகன் நகரத்துக்கு அரண்மனை வரைபடம் இருந்தது, பன்னிரண்டு தலைமுறை வரலாறு இருந்தது. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில், மீன் வியாபாரக் குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, இது தெனமும் என்ன திங்கும்? யாரு கொண்டு குடுப்பா?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான் ஊர் எப்படி உருவாகும் என்பது பிடிபட்டது. அரசரின் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். அது என்ன தின்னும், எப்படி எழும்பிப் பறக்கும், எதன் மேல் படுக்கும், எத்தனை நூற்றாண்டு இருக்கும். சாப்பாடு, கூரை, காசு, வரி, வழக்கு எல்லாம் அந்த உடம்புக்கு ஏற்றபடி வளைந்து வளைந்து வந்திருக்கும்.

நீங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் டிராகன் கக்குவது சிவப்புக்கு நெருப்பு, நீலத்துக்கு மின்னல், பச்சைக்கு விஷப்புகை, கருப்புக்கு அமிலம், வெள்ளைக்கு உறைகுளிர் என்று நிறம் பார்த்து வகை பிரித்திருக்கிறார்கள். சண்டைக்கு அது போதும். ஊர் அமைக்க அது போதாது. நிறத்தை முடிவு செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

முதலில் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு காளை என்று வையுங்கள். வருஷத்துக்கு 365 காளை. பசு சுமாராகப் பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று ஈனும், அதில் பாதி கிடாரி. குட்டியிலேயே சாகிறதையும் கழித்தால் இந்தக் கணக்கு நிற்பதற்கே ஆயிரம் பசு வேண்டும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசும்புல் என்றால் மொத்தம் 25 டன். ஆகவே அந்த நகரத்தைச் சுற்றி வயல் இருக்காது, புல்வெளிதான் இருக்கும். அரிசி வெளியிலிருந்து வரும், விலை கூடும், மேய்ப்பர்கள் பிரபுக்களாவார்கள். ஒரே ஒரு வரி முடிவிலிருந்து இவ்வளவும் வந்துவிட்டது, பாருங்கள். முதலையைப் போல ஒரு தடவை வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பல மாதம் சும்மா கிடக்கிற உடம்பு என்று வைத்தால் வேறு ஊர் கிடைக்கும். அங்கே மேய்ச்சல் நிலம் குறைவு. ஆனால் அந்த ஒரு நாள் நெருங்க நெருங்க ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் எடுத்தது மீன். நமக்குத் தெரிந்த கடல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்திருக்கும். ஜூன் முதல் பதினான்கு நாள் மட்டும் இரண்டும் அடைபட்டிருக்கும். இதை அப்படியே என் நகரத்துக்குக் கொண்டுபோனேன். கிழக்குத்துறை, மேற்குத்துறை என்று இரண்டு துறைமுகம். மீன் குஞ்சு பொரிக்கிற காலத்தில் முறை வைத்து ஒவ்வொன்றாக அடைப்பார்கள். இரண்டும் சேர்ந்து அடைபடும் அந்தப் பதினான்கு நாளுக்குப் பெயர் "பசிக்காலம்". அரசருக்குக் கொடுக்க மீன் இல்லை. கட்டுமரம் வைத்திருக்கிற ஏழைகளுக்கு மட்டும் கடலுக்குப் போக அனுமதி உண்டு. வருஷம் முழுக்க யாரும் மதிக்காத அந்த மக்களின் கையில் அந்த இரண்டு வாரம் மட்டும் நகரத்தின் உயிரே இருக்கும். கேம்பெயினை எந்த நாளில் தொடங்குவது என்ற கேள்வி அதோடு எனக்கு முடிந்துவிட்டது.

அடுத்தது பறப்பது. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு கிடைத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வண்டியில் போயிருப்பீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழமொழி மாதிரியே தோன்றாது. இப்போது யோசியுங்கள். ஆல்பட்ராஸ் மாதிரிப் பெரிய பறவைகளே காற்று இல்லாவிட்டால் எழும்பத் திணறும். வீடு அளவு உடம்பு எப்படி எழும்பும்? காற்று வேண்டும். ஆகவே என் நகரம் ஒரு கணவாயின் வாயில் இருக்கிறது. பெயர் அனல்வாய். அங்கே அரசர் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மட்டும்தான் பறப்பார். மற்ற மாதங்களில் பாறைமேல் கிடப்பார், நடப்பார், நீந்துவார். பறக்க மாட்டார்.

இந்த ஒரு விதி என்னவெல்லாம் செய்தது தெரியுமா? காற்றுக்காலத்தில்தான் வரி வசூல், எல்லைக் கணக்கு, அடங்காத ஊர்களுக்குத் தண்டனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைகள் துண்டிக்கப்படும், தூர ஊர்த் தலைவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். மார்கழி தொடங்கினால் சதிக்காலம். கடத்தல், ரகசியத் திருமணம், கள்ளக் கணக்கு எல்லாம் காற்று விழுந்த பிறகுதான். கொடியேற்றம் மாதிரி ஊர் நடுவே ஒரு துணி கட்டியிருப்பார்கள். அது படபடக்க ஆரம்பித்தால் குழந்தைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என் ஆட்டக்காரர்கள் மூன்றாவது வாரத்திலிருந்து, நான் சொல்லாமலே, "இப்ப என்ன மாசம்? காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்டம் போட்டார்கள். ஊர் டிராகனுடையது என்று அவர்கள் உணர்ந்தது அந்தக் கேள்வியில்தான். டிராகனை அதுவரை நான் காட்டவே இல்லை.

மேலிருந்து பார்க்கிற அரசர் என்றால் கட்டடங்களும் மாறும். நாம் வீட்டின் முகப்பைச் சிங்காரிக்கிறோம், ஏனென்றால் பார்க்கிறவர் தெருவில் நிற்கிறார். அனல்வாயில் பார்க்கிறவர் ஆகாயத்தில் இருக்கிறார். ஆகவே முகப்பு என்பது கூரைதான். பணக்காரர்கள் கூரையில் வண்ண ஓடு பதிப்பார்கள், குலச்சின்னம் வரைவார்கள். வரி கட்டிய வீட்டுக் கூரையில் வெள்ளை வட்டம் இருக்கும். தெருப்பக்கச் சுவர் பூசாமல் கிடந்தாலும் கவலை இல்லை. கூரை இல்லாதவன் அரசர் கண்ணுக்கு இல்லாதவன். அப்படி இருக்கிறவர்கள் நீண்டு நிற்கும் இறவாணங்களுக்குக் கீழே, மூடிய சந்துகளில் குடியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தச் சந்துகளே தெரியாது. நீங்கள் இரண்டு வரைபடம் போட வேண்டும்: ஒன்று அரசர் பார்க்கும் நகரம், இன்னொன்று அவர் பார்க்காத நகரம். இரண்டாவதை ஆட்டக்காரர்களுக்குத் துண்டு துண்டாக மட்டும் கொடுங்கள். திருடர் பாத்திரம் ஆடுகிறவருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

கூரை என்றதும் நாகராஜா கோயில் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊருக்கே பெயர் கொடுத்த கோயில். அவ்வளவு பெரிய கோயிலில் மூலவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் ஓலைக்கூரை. நாகங்கள் அங்கே குடியிருக்கின்றன என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் கூரையைப் புதிதாக வேய்கிறார்கள். உள்ளே எப்போதும் ஈரம் ஊறும் மண்தான் பிரசாதம். அது ஆறு மாதம் கருப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்த ஓலையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், நெருப்புக் கக்கும் டிராகன் ஊரில் கூரை எதனால் இருக்கும் என்று யோசித்தபோது எனக்கு உடனே தோன்றியது இது: ஊர் முழுக்க ஓடும் கல்லும். ஓலைக்கூரை போடுவது குற்றம், தீப்பிடித்தால் தெருவே போய்விடும். அரசர் படுக்கும் மண்டபத்துக்கு மட்டும் ஓலைக்கூரை. தன் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஊருக்குச் சொல்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு நாள் காலையில் அந்த ஓலையின் ஓர் ஓரம் கருகியிருந்தால் நகரமே கலங்கிப்போகும். என் கேம்பெயினின் இரண்டாம் பாகம் அந்தக் கருகிய ஓலையில்தான் தொடங்கியது.

இனி புதையல். டிராகன் என்றால் தங்கக் குவியல், அதன்மேல் படுக்கை என்று எல்லோரும் எழுதுகிறோம். தங்கத்தை எடுத்து அடியில் போட்டுக்கொண்டே இருந்தால் சந்தையில் காசு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. புழங்குகிற நாணயம் குறையும், பொருளின் விலை விழும், கடன் வாங்கியவன் திருப்பிக் கட்ட முடியாமல் திண்டாடுவான். ஊர் வேறு ஏதாவது பணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். இங்கே நம் பழைய கணக்கு உதவும். நம் பகுதி திருவிதாங்கூர் அரசில் இருந்த காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பொன் நாணயம், வெள்ளி நாணயம், செப்பு நாணயம் என்று விதிப்புத்தகத்தில் இருப்பதை எடுத்துவிட்டு இந்த முறையை வையுங்கள். ஆட்டக்காரர்கள் முதல் கடையில் தடுமாறுவார்கள், மூன்றாவது கடையில் பேரம் பேசுவார்கள். அனல்வாயில் பொன்னை உள்ளே கொடுத்தால் உதிர்ந்த செதில் ஒன்றில் முத்திரை குத்தித் தருவார்கள். அதுதான் அங்கே பெரிய பணம். அரசர் தன் அடியில் கிடக்கும் ஒவ்வொரு பொன்னும் யார் கொடுத்தது என்று மறப்பதில்லை. கருவூலமும் கணக்குப்பிள்ளையும் அவரே.

புதையல் தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணலைப் பார்த்திருப்பீர்கள். அதில் இல்மனைட், தோரியம் அடங்கிய மோனசைட் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. 1909-இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் இதைக் கண்டறிந்தார். எப்படி என்றால், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலை வைத்து. வெயிலில் கருமணல் சீக்கிரம் சூடேறும், வெறுங்காலில் நடக்க முடியாது. அந்தச் சூட்டுக்காகவே ஒரு டிராகன் அங்கே வந்து படுத்தது என்று வைத்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் மணல். அரசருக்கு அது உயிர். கரை தாண்டி ஒரு பிடி மணல் போனாலும் மரண தண்டனை, ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வெளிநாட்டு வணிகர் மட்டும் வருஷம் தவறாமல் வந்து, தேவைக்கு மேல் கயிறு வாங்கிக்கொண்டு போகிறார். இதை நான் இன்னும் ஆடவில்லை. உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரியைப் பற்றி எழுதும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். "பத்தில் ஒரு பங்கு" என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. இந்த மண்ணில் வரி எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். பனையேறும் மக்களிடம் தலைவரி வாங்கினார்கள். ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டுகிற தளைநாருக்குத் தளைக்காணம். அதற்கும் மேலே கூலியில்லாத ஊழியம். மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859-இல்தான் அரசின் ஆணை வந்தது. என் பாட்டா பனையேறியவர். ஏணிக்கு வரி கேட்ட கதையை அவர் சொல்லும்போது குரல் மாறிவிடும். தொகை எவ்வளவு என்று ஒரு தடவையும் அவர் சொன்னதில்லை. பிழைப்புக்குப் பிடித்திருக்கிற கருவியின்மேலேயே கைவைத்தார்கள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. உங்கள் நகரத்திலும் வரி அப்படித் தொழிலின் கருவியைப் பிடிக்கட்டும். வலைக்கு முடிச்சுக் கணக்கில் வரி. விளக்குக்கு வரி, இருட்டில் நெருப்பு அரசருக்கு மட்டுமே சொந்தம் என்பதால். உயரமான மரத்துக்கு வரி, அது அவருடைய ஆகாயத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதால். டிராகன் கொடியதா நல்லதா என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்கள் தாங்களாகவே விடை சொல்வார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் லெவல் ஆட்கள் டிராகனை எப்படிச் சந்திப்பது?

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பாம்பணைமேல் 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கும் உருவம். முழுதாக ஒரே பார்வையில் காண முடியாது. மூன்று வாசல்கள்: ஒன்றில் முகம், ஒன்றில் கை, ஒன்றில் பாதம். சின்னப் பையனாக அந்த இருட்டில் விளக்கொளியில் ஒவ்வொரு வாசலாக நகர்ந்துபோய், மூன்றையும் மனசுக்குள் ஒட்டவைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் இருக்கிறது. முழுதாகக் காட்டியிருந்தால் அவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்காது. அந்த அனுபவத்திலிருந்து எடுத்த அமைப்பு இது. அனல்வாய் அரண்மனைக்கு மூன்று வாசல். பாதவாசலில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். அங்கே தெரிவது நகங்கள் மட்டும், பேசுவது அதிகாரிகள். கைவாசலில் அரசர் ஒரு விரலை அசைத்துச் சம்மதமோ மறுப்போ தெரிவிப்பார். முகவாசலுக்கு அவர் அழைத்தால்தான் போக முடியும். முதல் நான்கு லெவல் வரை பாதம், பத்து வரை கை, அதற்கு மேல் முகம். டிராகன் முதல் வாரத்திலிருந்தே கதையில் இருக்கும், யாரும் சாகவும் வேண்டாம். நகம் ஒன்று தரையில் லேசாகக் கீறும் சத்தத்தை மேஜைமேல் சாவியால் கீறிக் காட்டுங்கள், பயம் தானாக வரும்.

வாசலில் நின்று அரசர் சார்பாகப் பேசுகிற அதிகாரிகள்தான் உண்மையில் உங்கள் கேம்பெயினின் நாயகர்களும் வில்லன்களும். இதற்கும் வெளியே தேட வேண்டாம். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா 1750-இல் தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆண்டார். திருப்படித்தானம் என்று சொல்வார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையைப் பாருங்கள்: கீழே கருவூலம், அதற்கு மேலே அரசரின் படுக்கையறை, உச்சியில் இறைவனுக்கென்று ஒதுக்கிய அறை, சுவரெல்லாம் ஓவியம். அதிகாரம் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்பதை ஒரு கட்டடமே சொல்லிவிடுகிறது. இன்றைக்கும் நவராத்திரிக்கு விக்கிரகங்கள் திருவனந்தபுரம் புறப்படும்போது அங்கே உடைவாளைக் கைமாற்றிக் கொடுக்கும் சடங்கு நடக்கிறது. உங்கள் நகரத்திலும் ஒரு மனிதக் குடும்பம் "நாங்கள் வெறும் ஊழியர்கள்" என்று சொல்லிக்கொண்டு ஆளட்டும். அவர்களை எதிர்த்தால் அது அரசரை எதிர்த்தது ஆகிவிடும். அரசர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, இவர்கள் சொல்கிறார்களா? அதைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்களுக்குப் பல மாதம் ஆகும்.

ஒரு திருப்பத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்: "டிராகன் செத்து நூறு வருஷம் ஆயிற்று, இத்தனை நாளும் பொம்மை." எழுதும்போது பிரமாதமாக இருக்கும். ஆனால் டிராகனைப் பார்க்கலாம் என்று ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் கொடுத்தவர்கள் ஏமாந்துபோவார்கள். முகவாசலுக்குள் டிராகன் இருக்கட்டும். விழித்திருக்கட்டும். வெளியே தன் பேரில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரிந்தே இருக்கட்டும்.

எதிர்ப்பாளர்களை அமைக்கும்போது, அடுத்த மலையில் இன்னொரு டிராகன், வெளிநாட்டுப் படை என்று போகாமல் உள்ளே பாருங்கள். சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் செய்ததை நினைத்துப் பாருங்கள். தலைப்பாகை கட்டக் கூடாதென்று ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வைத்தார். பதி என்னும் அவர்களுடைய வழிபாட்டுத் தலத்தில் கண்ணாடி முன்னால் நின்று வணங்குகிறார்கள், தன்னைத்தான் அதில் காண்கிறார்கள். ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் என்ற எளிய வழிபாட்டு இடங்கள் எழுந்தன. வாள் எடுக்காமலே ஓர் அரசை இப்படி நடுங்க வைக்க முடியும். அந்த வழிபாட்டை அப்படியே தூக்கி ஆட்டத்துக்குள் வைக்காதீர்கள். அது இன்றும் மக்கள் உயிராக வைத்திருக்கும் நம்பிக்கை. அதிலிருந்து கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் சாதாரண மனிதர்கள் செய்யக் கூடாதென்று தடுக்கப்பட்ட மிகச் சிறிய காரியம் எது, அதைச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்? அனல்வாயில் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது தடை. ஒரு தெருவில் வயசான பெண்கள் சிலர் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மேலே பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான் கலகம்.

உங்கள் ஐந்து பேரும் ஊருக்குள் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். 1741 குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபின் பிடிபட்ட டி லனாய், எதிரியாக வந்தவர், திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து வலிய கப்பித்தான், அதாவது தலைமைத் தளபதி ஆனார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரு விடுமுறையில் குழுவோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆட்டக்காரர்களைச் சத்திரத்தில் உட்கார வைத்துத் தொடங்குவதைவிட, பிடிபட்டவர்களாகப் பாதவாசலில் நிறுத்தித் தொடங்குங்கள். தண்டனைக்குப் பதிலாக அரசர் வேலை கொடுக்கிறார். பிடித்தவருக்கே ஊழியம் செய்ய வேண்டிய நிலை முதல் நாளிலேயே வந்துவிடும்.

யாளி வேண்டாம் என்பது என் கருத்து. யாளி கோயில் தூணில் நிற்கும்போது அதற்கென்று ஓர் உருவமும் இடமும் இருக்கிறது. சிங்க உடம்பும் சில இடங்களில் துதிக்கையும் உள்ள அதை, செதிலும் சிறகும் உள்ள ஒன்றுக்குப் பெயராகப் போட்டால் இரண்டுமே மங்கிவிடும். நாகம் என்றும் வைக்க வேண்டாம். கடைசியில் இருபது முகப் பகடையை உருட்டி ஒருவேளை கொல்லப்போகிற ஒன்றுக்கு, பக்கத்து வீட்டில் பால் வார்த்துக் கும்பிடும் தெய்வத்தின் பெயர் சரிப்படாது. டிராகன் என்றே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ஊர்க்காரர்கள் அதை நேரடியாகப் பெயர் சொல்லாமல் வேறு மாதிரி அழைக்கட்டும். ராத்திரியில் பாம்பு என்று சொல்லாதே என்று நம் வீட்டுப் பாட்டிகள் அதட்டுவார்களே, அந்த மாதிரி. அனல்வாயில் "வலியவர்" என்பார்கள். இடப்பெயர்களுக்கு நம் ஊர் வால்களே போதும்: விளை, கோடு, மூடு, குறிச்சி, துறை. நிழல்விளை, செதிற்கோடு, கருகல்மூடு. சொன்னவுடனே வாயில் ஒட்டும், ஆட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இத்தனையும் எழுதி முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். என்ன தின்னும், எந்த மாதத்தில் பறக்கும், எதன்மேல் படுக்கும் என்ற மூன்றுக்கு மட்டும் இந்த வாரம் பதில் எழுதுங்கள். ஒரு சார்ட் பேப்பரில் கூரைகளை மட்டும் வரையுங்கள், தெருப்பெயர் எதுவும் போடாமல். முதல் காட்சி சந்தை. உச்சிவெயில். மீன்காரி விலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கம்பத்தில் கட்டிய துணி ஒரு தடவை அசைகிறது. பாதி வார்த்தையில் அவள் நிறுத்துகிறாள், கூடையின்மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். சந்தையில் எல்லோரும் அப்படியே செய்கிறார்கள். ஒரு நிழல் தரையைக் கடந்து போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அது முடிந்ததும் மீன்காரி சாக்கை விலக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து விலையைச் சொல்லி முடிக்கிறாள். அப்புறம் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கேட்கிறாள்: "ஊருக்குப் புதுசா மக்களே? உங்க கூரை எங்க?"